சேற்றுக்கு அஞ்சாத பிரேக்

கரடுமுரடான மலைப்பாதைகளிலும் காட்டாறுகளிலும் வண்டி செலுத்துவோருக்கு எஞ்சினின் வலிமையைப் பற்றிப் பேசுவதில் உள்ள உற்சாகம் பிரேக்கைப் பற்றிப் பேசுவதில் இருப்பதில்லை. ஆனால் ஓடையொன்றில் அச்சு மூழ்க இறங்கிக் கரையேறிய வண்டி, அடுத்த சரிவில் மிதியை அழுத்திய பிறகும் நிற்கவேண்டிய இடத்தில் நில்லாமல் சில கஜ தூரம் தாராளமாக ஓடிப்போகும் அநுபவம் ஒருமுறை வாய்த்துவிட்டால், பின்சக்கரங்களுக்குள் மறைந்திருக்கும் அந்த வட்டமான இரும்புப் பெட்டியில் என்னதான் நடக்கிறது என்று அறியும் சிரத்தை தானே பிறந்துவிடும்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் டிரம். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் அதன் உட்புறத்தில் பிறை வடிவமான இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. மிதியை அழுத்தியதும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் வீல் சிலிண்டர் அவ்விரண்டையும் வெளிப்புறமாகத் தள்ள, அவற்றின் லைனிங் டிரம்மின் சுவரில் உராய்ந்து வேகத்தைத் தணிக்கிறது. இதில் நயமான உபாயம் ஒன்று உண்டு. சுழலும் டிரம்மே முன்னணி ஷூவைத் தன்னோடு இழுத்து, கதவடியில் செருகிய ஆப்பு போல மேலும் மேலும் இறுக்கிக்கொள்வதால், கால் கொடுக்கும் பலத்தைவிடப் பிடிப்பின் பலம் மிகுதியாகிறது. பிரெஞ்சுக்காரரான லூயி ரெனோ இந்த ஏற்பாட்டைச் செம்மைப்படுத்திய அதே 1902ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் பிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் 1953இல் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பூட்டிய ஜாகுவார் கார்கள் வெற்றிவாகை சூடிய பிறகே உலகம் அதை முழு நம்பிக்கையோடு ஏற்றது. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் வந்த பிறகும், செலவு குறைவு, ஹேண்ட் பிரேக்குக்குச் சௌகரியம் என்ற இரண்டு காரணங்களால் பின்சக்கரங்களில் டிரம்மே நெடுங்காலம் நிலைத்துவிட்டது.

தார்ச்சாலையில் அதனால் பெரிய குறை ஒன்றும் தெரியாது. சேற்றிலும் நீரிலும் இறங்கும்போதுதான் அதன் இயல்பான பலவீனம் வெளிப்படுகிறது. டிரம்முக்குள் புகுந்த தண்ணீர் எளிதில் வெளியேறாமல் லைனிங்குக்கும் சுவருக்கும் இடையே படலமாக நின்று உராய்வைக் கெடுக்கிறது. தண்ணீரோடு வந்த மணலும் சேறும் உள்ளேயே தங்கி, ஒவ்வொரு அழுத்தத்திலும் ஷூவையும் டிரம்மையும் அரைத்துத் தேய்க்கின்றன. தேய்மானத்துக்கேற்பத் தானே நெருங்கிவரவேண்டிய அட்ஜஸ்டர் துருவேறி இறுகிப்போகிறது. நீண்ட இறக்கத்தில் உஷ்ணமேறினால் டிரம் விரிவடைந்து ஷூவைவிட்டு விலகுகிறது. டிஸ்க்கோ திறந்த வெளியில் சுழலும் தட்டு; காலிபர் என்னும் கவ்வி, பேட் எனப்படும் உராய்வுத் துண்டுகளை அதன் இருபுறமும் அழுத்தி நிறுத்துகிறது. படிந்த நீரைச் சுழற்சியாலேயே உதறிவிடும், எஞ்சியதைப் பேட் துடைத்துவிடும், சூடேறி விரிந்தாலும் பேட்டை நோக்கியே விரியும்.

இத்தனை சொன்ன பிறகு ஓர் உண்மையையும் சொல்லியாகவேண்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்வதால், நிறுத்தும் வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தை முன்சக்கரங்களே செய்கின்றன. ஆகையால் பின்னால் டிஸ்க் போட்டதும் வண்டி பாதி தூரத்தில் நின்றுவிடும் என்று யாரேனும் சொன்னால் நம்பவேண்டாம். நனைந்தாலும் காய்ந்தாலும் ஒரே விதமாகப் பிடிப்பதும், கண்ணால் பார்த்தே தேய்மானத்தை அறிவதும், பேட் மாற்றும் வேலை அரைநாளுக்குள் முடிவதும்தாம் இதன் மெய்யான லாபங்கள். பெரிய டயர்களை மாட்டியவர்களுக்கு இவை இன்னும் அவசியம். டயர் பெரிதாக ஆக, அதை நிறுத்தப் பிரேக் செய்யவேண்டிய வேலையும் பெருகுகிறது.

டிரம்மை எடுத்துவிட்டு டிஸ்க் பொருத்தும் இந்த மாற்றத்தைக் குறைந்த செலவில் செய்வதற்கு அமெரிக்காவின் ஜீப் அன்பர்கள் கண்ட வழி மிக ரசமானது. 1984 முதல் 2001 வரை அங்கே விற்பனையான ஜீப் செரோக்கி, கடைசி வண்டி வரையில் பின்சக்கரங்களில் டிரம்மையே தாங்கியிருந்தது. அதன் அண்ணன் முறையான கிராண்ட் செரோக்கிக்கோ 1990களின் நடுப்பகுதியில் பின்புறமும் டிஸ்க் வந்துவிட்டது. இரண்டிலும் பல வண்டிகளில் டானா 35 என்ற ஒரே இனத்து ஆக்சில் பூட்டப்பட்டதால், அண்ணனின் பிராக்கெட், காலிபர் முதலியவை தம்பியின் அச்சில் வெல்டிங் இல்லாமலே போல்ட்டில் பொருந்துகின்றன. கடைகளில் புதிதாக விற்கும் மாற்றுத் தொகுதிகளுக்குப் பெருந்தொகை கொடுப்பதற்குப் பதிலாக, தாமே ஸ்பானரோடு சென்று வேண்டிய பாகத்தைக் கழற்றி விலை கொடுத்து எடுத்துவரும் பழைய வண்டி முற்றங்களில் அவர்கள் அதில் ஒரு சிறு பகுதியைச் செலவிட்டுக் காரியத்தை முடித்துவிடுகிறார்கள். யூட்டாவின் மோவாப் பாறைகளுக்கும், கலிபோர்னியாவின் ரூபிகான் தடத்துக்கும் செல்லும் பழைய செரோக்கிகள் பலவற்றின் பின்சக்கரங்களில் இப்படி வந்த டிஸ்க்குகளே இருக்கின்றன.

வேலையின் முறை இது. வண்டியை உறுதியான ஸ்டாண்டுகளின்மேல் நிறுத்தி, டிரம்மைக் கழற்றியபின், ஆக்சில் நடுவிலுள்ள மூடியைத் திறந்து கியர் ஆயிலை வடித்து, உள்ளே பூட்டாக சி வடிவக் கிளிப் உள்ள வண்டிகளில் அதை எடுத்தால்தான் ஆக்சில் ஷாஃப்ட் வெளியே வரும். பிறகு ஷூக்கள் பொருந்தியிருந்த பழைய தகட்டைத் தாங்கும் நான்கு போல்ட்டுகளைக் கழற்றி, அந்த இடத்தில் புதிய பிராக்கெட்டை வைத்து, ஷாஃப்ட்டைத் திரும்ப நுழைத்து, டிஸ்க்கையும் காலிபரையும் மாட்டவேண்டும். ஷாஃப்ட் வெளியில் இருக்கும் அந்த வேளையில் ஆயில் சீலை மாற்றாமல் விடுவது பெரும் பிழை; கசியும் கியர் ஆயில் பேட்டில் பட்டால் அந்தப் பேட் எறியத்தான் ஆகும். இடது வலது மாறாமல், காற்றை வெளியேற்றும் திருகு மேற்புறம் இருக்குமாறு காலிபரைப் பொருத்துவதும் முக்கியம். அது கீழே போய்விட்டால், எத்தனை தடவை மிதித்து ஏர் எடுத்தாலும் காற்று உள்ளேயே தங்கி மிதி பஞ்சாகத்தான் அமுங்கும்.

எல்லாம் பொருந்தியதும் வேலை முடிந்தது என்று எண்ணுவோர் அநேகர். அங்கேதான் அபாயம் இருக்கிறது. டிரம் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், பின்சக்கரங்களுக்குச் செல்லும் அழுத்தத்தைத் தொழிற்சாலையிலேயே ஒரு வால்வு அதற்கேற்பக் குறைத்துவைத்திருக்கிறது. டிஸ்க்குக்கு அந்த இயல்பு கிடையாது, கூடுதல் அழுத்தம் வேண்டும். பழைய வால்வையே விட்டுவைத்தால் பின்பிரேக் பெயரளவுக்கே வேலை செய்யும். அதைத் திருத்துகிறேன் என்று கட்டுப்பாட்டை முற்றிலும் நீக்கிவிட்டால், அவசரமாக மிதிக்கும்போது பாரம் குறைந்த பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு, வண்டி எதிர்த்திசையில் திரும்பி நிற்கும். டிஸ்க்குக்கென்றே அமைந்த கிராண்ட் செரோக்கியின் வால்வையும் உடன் எடுத்துவருவது, அல்லது திருகிச் சரிசெய்யும் வால்வு ஒன்றைப் பின்குழாயில் சேர்ப்பது, இவ்விரண்டில் ஒன்று இல்லாமல் இந்த மாற்றம் பூரணமாகாது.

ஹேண்ட் பிரேக்கையும் மறக்கலாகாது. டிஸ்க்கின் நடுக்குழிவுக்குள் சிறிய டிரம்மும் அதற்கான ஷூக்களும் கொண்ட ஏற்பாடே கிராண்ட் செரோக்கியில் உள்ளது. அதற்குரிய கேபிள்களையும் சேர்த்தே வாங்கிவிடவேண்டும். செங்குத்தான சரிவில் எஞ்சின் நின்றுவிட்டால், மலைப்பாதையில் செல்பவனுக்கு அதுவே துணை. அந்தச் சிறு டிரம்மிலும் சேறு புகும் என்பதால் அவ்வப்போது கழற்றித் துடைப்பது நல்லது.

சிக்கனத்துக்கு எல்லையும் உண்டு. பிராக்கெட்டும் கேபிளும் பழையவையாக இருக்கலாம். பேட், டிஸ்க், ரப்பர் ஹோஸ், சீல், பிரேக் ஆயில் ஆகியவை புதியவையாகவே இருக்கவேண்டும். காலிபரைப் பொறுத்தவரை, பழையதைக் கொடுத்தால் முன்பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் அமெரிக்க உதிரிபாகக் கடைகளில் இருப்பதால், முற்றத்திலிருந்து வந்த துருவேறிய காலிபரும் புதுப்பித்த ஒன்றைப் பெறுவதற்கு ஈடாகிறது. வண்டியை உயர்த்திக் கட்டியவர்கள், அச்சு முழுவதும் கீழிறங்கும்போதும் இழுபடாத நீளத்துக்கு ஹோஸைத் தேர்ந்தெடுக்கவேண்டும். வளைப்பதற்கு எளிது என்று செம்புக்குழாயைப் பிரேக் குழாயாக வைப்போரும் உளர். அதிர்வில் விரிசல் காணும் அந்த உலோகத்தை இந்த இடத்தில் ஒருபோதும் உபயோகிக்கக்கூடாது.

இன்னும் வலுவான அச்சை விரும்புவோர், 1995 முதல் 2001 வரையிலான போர்டு எக்ஸ்ப்ளோரரின் டிஸ்க்கோடு கூடிய பின் ஆக்சிலை முழுவதுமாகவே எடுத்து மாற்றுகிறார்கள். அதன் சக்கரப் போல்ட் அமைப்பும் செரோக்கியினுடையதும் ஒன்றே. ஆனால் அதற்கு வெல்டிங் வேலை வேண்டும்; கைதேர்ந்தவர் இல்லாமல் அதில் இறங்கக்கூடாது.

உலர்ந்த சாலையில் மட்டும் வண்டி ஓட்டுபவருக்கு இந்த மாற்றம் அவசியமில்லை. இருக்கும் டிரம்மைத் திறந்து துடைத்து, அட்ஜஸ்டரைச் சரிசெய்தாலே போதும். ஆற்றிலும் சேற்றிலும் இறங்குபவர் தாராளமாகச் செய்துகொள்ளலாம். செய்த பிறகு, ஜனநடமாட்டமுள்ள சாலைக்கு வருமுன், பரந்த மைதானத்தில் குறைந்த வேகத்தில் தொடங்கிப் பலமுறை நிறுத்திப் பார்த்து, முன்சக்கரங்களுக்கு முந்திப் பின்சக்கரங்கள் பூட்டவில்லை என்பதைத் தவறாமல் உறுதிசெய்துகொள்ளுங்கள்.