‘புனித’த்தை விழுங்கிய பெயர்

கியூபாவில் 1515ஆம் ஆண்டு ஓர் ஊரை நிறுவிய தியேகோ வெலாஸ்கெஸ் அதற்குச் சாந்தியாகோ என்று பெயரிட்டார். தியேகோ, சாந்தியாகோ இரண்டும் ஒரே பெயர்தான் என்பது ஸ்பெயினில் நெடுங்காலமாக நிலவும் எண்ணம். அது எவ்வளவு தூரம் சரி என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் சாந்தியாகோவின் கதை. அது ஸ்பெயினில் தொடங்கவே இல்லை.

பைபிளின் முதல் நூலில், அண்ணன் ஏசாவின் குதிகாலைப் பிடித்துக்கொண்டே பிறக்கிறான் இரட்டையரில் இளையவன் யாக்கோபு. எபிரேயத்தில் யாகோவ். கிரேக்கம் வழியாக லத்தீனுக்குப் போய் யாக்கோபுஸ் ஆனது. ஸ்பெயினின் பேச்சு வழக்கில் அதன் வால் உதிர்ந்தது. நடுவில் நின்ற வல்லின ககரம் மெலிந்தது. நண்பனைக் குறிக்கும் லத்தீன் ‘அமிக்குஸ்’ ஸ்பானிய ‘அமிகோ’ ஆனதும் இதே வழியில்தான். நமக்கு இது புதிதல்ல. ‘பக்கம்’, ‘பகை’ இரண்டையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். உயிர்களுக்கு நடுவே தனித்து நிற்கும் ககரம் தானாகவே மெலியும். இப்படி வந்ததுதான் ‘யாகோ’.

வேறு சில வாய்களில் பகரம் மகரமாகி யாக்கோமுஸ் என்றொரு கிளை பிரிந்தது. இரண்டுக்கும் உதடுகள் ஒரே மாதிரிதான் மூடுகின்றன. மூக்குவழி திறந்திருந்தால் மகரம், அடைபட்டால் பகரம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ‘மாமா’ என்று கூப்பிட்டால் தெரியும். ஆங்கிலத்தின் ஜேம்ஸ், இத்தாலியின் ஜாக்கோமோ, ஸ்பெயினின் ஹைமே எல்லாம் இந்தக் கிளையின் பிள்ளைகள்.

யாகோவுக்கு யோகம் அடித்தது 9ஆம் நூற்றாண்டில். இயேசுவின் சீடர் யாக்கோபின் கல்லறை ஸ்பெயினின் வடமேற்கு மூலையான கலீசியாவில் கிடைத்துவிட்டதாக ஆயர் தியோதோமிரோ அறிவித்தார். அரசர் இரண்டாம் அல்ஃபோன்சோ அங்கே கோயில் எழுப்பினார். ஐரோப்பா முழுவதிலிருந்தும் யாத்திரிகர்கள் நடந்து வரத் தொடங்கினார்கள். இன்று நிற்கும் பேராலயத்தின் வேலை 1075இல் ஆரம்பமானது. 844இல் கிளாவிஹோ போர்க்களத்தில் சீடர் யாக்கோபு வெள்ளைக் குதிரையில் தோன்றினார் என்ற கதையை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. படைவீரர்களுக்கு அந்தக் கவலை ஏது? ‘சாந்த் யாகோ!’ என்பதே அவர்களுடைய போர் முழக்கம் ஆயிற்று.

‘சாந்த்’ என்றால் புனிதர். நூற்றாண்டுக் கணக்கில் சேர்த்தே கூவியதில் பட்டம் பெயருக்குள் கரைந்து சாந்தியாகோ என்று இறுகிவிட்டது. அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. சான் ஹுவான், சான் பெத்ரோ என்று ‘சான்’ போட்டே புனிதர்களை அழைத்துப் பழகிய காது, இதையும் ‘சான் தியாகோ’ என்று பிரித்துக் கேட்டது. பட்டத்தின் கடைசி ஒலி பெயரோடு போய்ச் சேர, போர்ச்சுகலிலும் பிரேசிலிலும் இன்று எங்கும் கேட்கும் தியாகோ பிறந்தது. கால்பந்து வீரர் தியாகோ சில்வாவின் பெயரில் முதலில் வரும் ‘த’ உண்மையில் ‘புனித’ என்ற சொல்லின் துண்டு.

இனி தியேகோ. தியாகோ திரிந்து தியேகோ ஆனது என்றுதான் வழக்கமாகச் சொல்வார்கள். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இடைக்கால லத்தீன் ஆவணங்கள் தியேகோக்களை ‘திதாக்குஸ்’ என்றே எழுதுகின்றன. யாக்கோபுஸின் சாயல் அதில் இல்லை. ஆகவே இது வேறு வேரிலிருந்து வந்த பெயர் என்று மொழியறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். ஒலி ஒற்றுமையால் பிற்காலத்தில் உறவு கொண்டாடிவிட்டார்கள் போலும். கலிபோர்னியாவின் சான் தியேகோ நகரம்கூட சீடர் யாக்கோபின் பெயரைத் தாங்கியதல்ல. அல்கலாவைச் சேர்ந்த, 1463இல் இறந்த தியேகோ என்ற துறவியின் பெயர் அது.

போர்ச்சுகீசியர் சாந்தியாகோ என்ற பெயரை நம் கடற்கரைக்கும் கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் அது சந்தியாகு, சந்தியாகப்பர். யாழ்ப்பாணத்தார் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். இயேசுவின் சீடர்களில் யாக்கோபுகள் இருவர் என்பதால், மூத்தவரைப் போர்ச்சுகீசியர் ‘சாந்தியாகோ மயோர்’, அதாவது ‘பெரிய’ சாந்தியாகோ என்பார்கள். அந்த அடைமொழியையும் சேர்த்து விழுங்கிச் ‘சந்தியோகுமையோர்’ ஆக்கிவிட்டது ஈழத்துத் தமிழ். தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் ‘சந்தியோகுமையோர் அம்மானை’ பாடினார். கிளாலியில் அந்தச் சீடரின் பெயரில் இன்றும் ஆலயம் உண்டு: ‘புனித சந்தியோகுமையோர் ஆலயம்’. உள்ளே ஏற்கெனவே ஒரு ‘புனிதர்’ இருப்பது தெரியாமல், வாசலில் இன்னொரு ‘புனித’.