துணி டயப்பரின் கணக்கு

ஒருமுறை கட்டிவிட்டு எறியும் டயப்பரின் உள்ளே மரக்கூழோடு சோடியம் பாலிஅக்ரிலேட் என்ற பொடியும் இருக்கிறது. ஈரம் பட்டதும் அது களிபோல உப்பிச் சிறுநீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வெளியே சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் எளிதில் மட்காது. துணி டயப்பரில் உறிஞ்சும் வேலையைப் பருத்தி மடிப்புகள் செய்கின்றன. அவை சீக்கிரம் நனைந்துவிடுவதால் அடிக்கடி மாற்ற வேண்டும். ஈரத்தோடு விட்டால் குழந்தையின் தோல் சிவந்து தடித்துவிடும்.

துணி என்றாலே சூழலுக்கு நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமையின் 2008ஆம் ஆண்டு ஆய்வில், ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளில் எறியும் டயப்பரால் சுமார் 550 கிலோவும் துணியால் 570 கிலோவும் கார்பன் வெளியேற்றம் எனக் கணக்கு வந்தது. துவைக்கும் முறைதான் இதைப் புரட்டிப் போடுகிறது. வாஷிங் மெஷினை நிறைத்துத் துவைத்து, வெளியே கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினால் 200 கிலோ குறைகிறது. வெயிலில் காயப்போட்டே பழகிய நம் வீடுகளுக்கு இது பெரிய சாதகம்.

மலம் பட்ட துணியைக் கழிப்பறையில் அலசிய பிறகே வாளியில் போட வேண்டும். துணியை மென்மையாக்கும் திரவம் கூடவே கூடாது. அது இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும்.