திருவுருத்திரங் காட்டும் வேதகால வாழ்க்கை

வேதகாலத்து மக்களின் சமுதாய நிலையை ஆராயப் புகுவார் பெரும்பாலும் இருக்குவேதத்துப் புருடசூத்தத்தையே முதற்கண் எடுத்துக்காட்டுவர். அவ்வேதத்தின் 1028 சூத்தங்களுள் நால்வகை வருணமும் ஒருங்கு கூறப்படுவது அஃதொன்றிலேயாம். அதுவும் காலத்தாற் பிற்பட்டதென ஆராய்ச்சியாளர் கருதும் பத்தாம் மண்டலத்துள்ளது. ஆகலின், அஃதொன்றையே அளவுகோலாகக் கொண்டு அக்கால வாழ்க்கையை அளந்துவிடுதல் அமையாது. அவ்வாழ்க்கையைப் பிறிதொரு வகையால் விளங்கக் காட்டுவது, சைவர் போற்றி ஓதுந் திருவுருத்திரமாம்.

இது யசுர்வேதத்துத் தைத்திரீய சங்கிதையின் நான்காங் காண்டத்து ஐந்தாம் பிரபாடகமாய், 11 அநுவாகங்களையுடையது. திருவைந்தெழுத்து இதன் எட்டாம் அநுவாகத்தில் அமைந்திருத்தலை அன்பர் அறிவர். அதற்கு முன்னர் இறைவன் எவ்வெவ்வுருவில் வணங்கப்படுகின்றான் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது. படைத்தலைவர், வணிகர், தச்சர், தேர் செய்வோர், குயவர், கொல்லர், அம்பும் வில்லுஞ் செய்வோர், வேட்டுவர், நிடாதர் ஆகிய பலரும் அங்கே வணக்கம் பெறுகின்றனர். ஒரு நாட்டின் தொழில் வாழ்க்கை முழுவதும் நம் கண்முன் நிற்றல் காண்க.

இனி, அரசியலை நோக்குவாம். அக்காலத்துச் சபை, சமிதி என இரு மன்றங்கள் இருந்தன. அவற்றைப் பிரசாபதியின் மகளிர் இருவரென்று அதர்வவேதங் கூறும். முடிசூடும் அரசனைக் குடிகளெல்லாரும் விரும்புக என இருக்குவேதம் வாழ்த்துகின்றது. அரசன் நிலை குடிகளின் இசைவைச் சார்ந்திருந்தமை இதனாற் புலனாம். திருவுருத்திரமோ சபைகளையும் சபாபதிகளையும் சேர்த்தே வணங்குகின்றது. பிற்காலத்தே தில்லைக் கூத்தப்பெருமானுக்குச் சபாபதி என்பது திருப்பெயராய் வழங்குதல் ஈண்டு நினைக்கத்தக்கது.

அற்றேல், கள்வர்க்குந் தலைவனென இறைவனை அது கூறுதல் யாங்ஙனம் பொருந்துமெனின், கூறுதும். கள்வன் செயல் நன்றென்பது அதன் கருத்தன்று; கள்வனே கடவுளென்பதும் அன்று. உயிர்கள்தோறும் ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்கும் முதல்வன், தீநெறிப்பட்ட உயிரையும் விட்டு நீங்கானென்பதே சித்தாந்தங் கொள்ளும் பொருளாம்.

இதனால் வேதகாலச் சமுதாயத்தே உயர்வு தாழ்வு இல்லையென்று முடிவுகட்டுதல் கூடாது. அவை இருந்தன, பின்னர் மிகுந்தும் வந்தன. ஆயினும், ஊரார் விலக்கினோரையும் வழிபாடு விலக்கிற்றிலது. உருத்திரனை ஆயரும் நீர் சுமக்கும் மகளிருங் கண்டனரென முதல் அநுவாகமே கூறுகின்றது. கற்றோர்க்கே அவன் காட்சி உரியதென அது வரையறுத்திலது. திருவுருத்திரத்தை ஓதும் நாம், தச்சனையுங் குயவனையும் வேடனையும் வணங்குகின்றோமென்பதை உணர்ந்து ஓதுகின்றோமா? அவ்வுணர்வோடு ஓதுதலே ஓதுதலாம்.