அசையாமல் இருப்பது அமைதியா?

நெய்வேலி நகரியத்தில் உங்கள் வீட்டுக்கு இரண்டு கினிப்பன்றிகள் வந்து சேர்ந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வெளியூர்க் கடையில் வாங்கி, துளையிட்ட அட்டைப் பெட்டியில் பேருந்திலேயே கொண்டுவந்தாயிற்று. பெட்டியைத் திறக்கிறீர்கள். இரண்டும் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கின்றன. தடவினால் விலகுவதில்லை; தூக்கினால் துள்ளுவதில்லை. “எவ்வளவு சாதுவான பிராணி!” என்று வீட்டில் எல்லோரும் மெச்சுகிறார்கள். உண்மையில் அந்த நேரத்தில் அவை பெரும் அச்சத்தில் இருக்கின்றன.

கினிப்பன்றி பன்றியும் அன்று, கினி நாட்டைச் சேர்ந்ததும் அன்று. எலியையும் அணிலையும் போலக் கொறிக்கும் பிராணி. வெளியே தெரியும் வால் மட்டும் கிடையாது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை இறைச்சிக்காக வளர்க்கத் தொடங்கினார்கள். 16ஆம் நூற்றாண்டில் இது ஐரோப்பாவுக்குப் போயிற்று. பிறகு உலகெங்கும் ஆய்வுக்கூடங்களிலும் வீடுகளிலும் இடம் பிடித்தது. ஆனால் அதன் முன்னோர்கள் புல்வெளியில் பருந்துக்கும் நரிக்கும் இரையாக வாழ்ந்தவர்கள். அவர்களுக்குக் கொம்பில்லை, கூரிய நகமில்லை. ஓடி ஒளிவது ஒரு வழி. ஓட இடமில்லாவிட்டால் அப்படியே உறைந்து போவது மற்றொரு வழி. வேட்டையாடும் விலங்கின் கண்ணுக்கு அசையும் பொருள்தான் எளிதில் படும் அல்லவா? நீங்கள் பெட்டியில் பார்த்த ‘சாதுத்தன்மை’ இந்த இரண்டாவது வழிதான்.

இதைப் புரிந்துகொண்டால் செய்ய வேண்டியது தானாக விளங்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் தொடாதீர்கள். ஓர் அட்டைப் பெட்டியில் இரண்டு பக்கமும் வாசல் வெட்டிக் கூண்டுக்குள் கவிழ்த்து வையுங்கள். ஒரே வாசல் இருந்தால் உள்ளே இருப்பதற்குத் தப்பும் வழி இல்லை என்ற கலக்கம் இருக்கும். தண்ணீரும், எந்நேரமும் கொறிக்க உலர்ந்த புல்லும் இருக்கட்டும். தின்கிறதா என்பதை மட்டும் தூரத்திலிருந்து கவனியுங்கள். இதன் குடல் இடைவிடாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் தின்னாமல் கிடந்தால் அதைக் கூச்சம் என்று விட்டுவிடாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

நம் ஊரில் இன்னொரு கவலை உண்டு. குளிர்ந்த மலைநாட்டுப் பிராணிக்கு 30 டிகிரி செல்சியசுக்கு மேலே போனாலே ஆபத்து. கோடையில் நெய்வேலி வெயில் 40 டிகிரியைத் தொடுவதை நீங்கள் அறிவீர்கள். தகரக் கூரைக்கு அடியிலோ மூடிய மாடியறையிலோ கூண்டை வைத்தால் வெப்பத்தாக்கால் இறந்தே போகும். வீட்டுக்குள் காற்றோட்டமான தரையில் வையுங்கள். பனிக்கட்டியாக உறைந்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஓரமாக வைத்தால் அதன் அருகே வந்து படுத்துக்கொள்ளும். வெப்பத்தில் துவண்டு கிடப்பதையும் பழகிவிட்டது என்று எண்ணுபவர்கள் உண்டு!

இனி நம்பிக்கைக்கு வருவோம். பழகாத ஒலியும் எதிர்பாராத அசைவும்தான் இரைவிலங்குக்கு அச்சம் தருபவை. சுரங்கத்திலும் அனல்மின் நிலையத்திலும் முறைப்பணி செய்வோர் வீட்டில் கதவு நள்ளிரவிலும் திறக்கும், விடியற்காலையிலும் திறக்கும். அதை மாற்ற முடியாது. தீவனம் வைக்கும் நேரத்தையாவது மாறாமல் வைத்துக்கொள்ளலாம். அதே நேரத்தில், அதே குரலில் பேசிக்கொண்டே, கூண்டருகே தரையில் உட்காருங்கள். மேலிருந்து கையை நீட்டாதீர்கள். மேலிருந்து வருவது அதற்குப் பருந்துதான். முன்பக்கமாக, தாழ்வாக, ஒரு கொத்துமல்லிக் காம்பை நீட்டிக்கொண்டு காத்திருங்கள். சில நாட்களில் கொத்துமல்லிக் கட்டைப் பிரிக்கும் சலசலப்பு கேட்டதுமே “வீக், வீக்” என்று உரக்கக் கூவும். மணியோசைக்கு நாயின் வாயில் எச்சில் ஊறியதைப் பாவ்லவ் காட்டினாரே, அதே வகைக் கற்றல்தான் இது.

கொத்துமல்லியைச் சொன்னது சும்மா அல்ல. நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் ‘சி’யைத் தயாரிக்க முடியாது. 1907-இல் நார்வே நாட்டின் ஹோல்ஸ்ட், ஃபுரோலிக் என்ற இருவர் தானியம் மட்டுமே தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டறிந்தார்கள். ஆகவே குடைமிளகாய்த் துண்டோ சிறிது கொய்யாவோ கொடுக்கலாம்.

ஏன் இரண்டு வாங்கச் சொன்னேன்? ஜெர்மனியில் நார்பர்ட் சாக்ஸரும் அவருடன் பணியாற்றியவர்களும் கினிப்பன்றிகளைப் புதிய கூண்டில் விட்டு, அவற்றின் இரத்தத்தில் கார்ட்டிசால் என்ற சுரப்பை அளந்தார்கள். அச்சத்தின்போது மிகுகின்ற சுரப்பு அது. பழகிய துணை அருகில் இருந்தபோது அது குறைவாகவே ஏறியது. சுவிட்சர்லாந்தில் கினிப்பன்றியைத் தனியாக வளர்ப்பதை 2008 முதல் சட்டமே தடுக்கிறது. நீங்கள் இரண்டையும் பெண்ணாகவே வாங்குங்கள். இல்லாவிட்டால் ஓராண்டில் கூண்டு போதாது.

ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து மறைவிடத்தை விட்டு அது தலை நீட்டும் வரை எத்தனை வினாடி? நாள்தோறும் குறித்து வரைபடம் போடுங்கள். கோடு மெல்ல இறங்கும். தீபாவளி வெடி வெடித்த மறுநாள் மறுபடி ஏறக்கூடும், மீண்டும் இறங்கும். கோடு நன்றாகத் தாழ்ந்த பிறகுதான் தூக்க முயல வேண்டும். ஒரு கை மார்புக்கு அடியில், மறு கை பின்பகுதிக்கு அடியில். தரையில் உட்கார்ந்தபடியே தூக்குங்கள்; சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் எலும்பு முறியும். மடியில் இருக்கும்போது பற்களைக் கடகடவென்று அடித்தால் கோபம் என்று பொருள். உடனே கூண்டில் விட்டுவிடுங்கள். கால்களை நீட்டிப் பக்கவாட்டில் சாய்ந்து, கொறித்துக்கொண்டு கிடந்தால், அதுதான் நீங்கள் முதல் நாள் கண்டதாக நினைத்த அமைதி.