பித்தநாள அழற்சியில் இரத்தத் தொற்றை முன்னறிதல்

பித்தநாள அழற்சி என்பது கல்லீரலிலிருந்து சிறுகுடலுக்குப் பித்தநீரைக் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டு, அதில் பாக்டீரியா பெருகுவதால் வரும் நோய். பெரும்பாலும் பித்தக்கல்லே அடைப்புக்குக் காரணம். புற்றுநோய்க் கட்டியாலும் வரலாம். காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலப்பக்க மேல்வயிற்று வலி ஆகிய மூன்றையும் இந்நோயின் அடையாளங்களாக 1877-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்தார். மூன்றும் ஒருசேர எல்லாருக்கும் வருவதில்லை. முதியவர்களிடம் காய்ச்சல்கூடத் தெரியாமல் போகலாம்.

குழாய்க்குள் இருக்கும் பாக்டீரியா இரத்தத்தில் கலக்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து மிகுகிறது. பித்தக்குழாயின் இயல்பான அழுத்தம் 7 முதல் 14 சென்டிமீட்டர் நீர் உயரம். அடைப்பினால் இது 25-ஐத் தாண்டினால், சாக்கடை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் நீர் ஏறுவதைப்போல, பித்தநீர் கல்லீரலுக்குள் பின்னோக்கி ஏறுகிறது. அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களில் பாக்டீரியா புகுந்து, கல்லீரல் சிரை வழியாக இதயத்தை அடைந்து உடலெங்கும் பரவுகிறது. ஈ. கோலை, கிளெப்சியெல்லா ஆகிய குடல்வாழ் பாக்டீரியாக்களே இதில் மிகுதி.

இரத்தத்தில் பாக்டீரியா இருப்பதை உறுதிசெய்வது இரத்த வளர்ப்புச் சோதனை. பாக்டீரியா வளர்ந்து தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அறிய மேலும் நேரம் வேண்டும். இந்நோயாளிகளில் இச்சோதனை நேர்மறையாக வருவது, ஆய்வுக்கு ஆய்வு 21 முதல் 71 விழுக்காடு வரை வேறுபடுகிறது. முடிவு வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், சில மணி நேரத்தில் கிடைக்கும் இரத்தக் குறிகாட்டிகளை மருத்துவர்கள் பார்க்கிறார்கள்.

குறிகாட்டிகள்

சி-ரியாக்டிவ் புரதம் 1930-இல் கண்டறியப்பட்டது. அழற்சி தொடங்கிச் சில மணி நேரத்தில் கல்லீரல் இதைச் சுரக்கிறது. காயம், மூட்டுவாதம் எதிலும் இது கூடும் என்பதால், தொற்று இரத்தத்தில் கலந்துவிட்டதா என்று இதைமட்டும் வைத்துச் சொல்வது கடினம்.

புரோகால்சிடோனின் இவ்வகையில் மேலானது. வழக்கமாகத் தைராய்டில் உருவாகும் கால்சிடோனின் என்ற இயக்குநீரின் முன்வடிவம் இது. நலமாக உள்ளவரிடம் மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். கடும் பாக்டீரியா தொற்றில் உடலின் பல திசுக்களும் இதைச் சுரக்க, அளவு பல மடங்கு உயர்கிறது. இத்தொடர்பை 1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டனர். ஆனால் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும், சிறுநீரகச் செயலிழப்பிலும் இது கூடலாம்.

செலவு குறைந்த குறிகாட்டியும் உண்டு. வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில் விழுக்காட்டை லிம்ஃபோசைட் விழுக்காட்டால் வகுத்தால் போதும். நலமானவரிடம் இது ஏறத்தாழ 1 முதல் 3. ஒருவருக்கு நியூட்ரோஃபில் 85, லிம்ஃபோசைட் 5 என்றால் விகிதம் 17. ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்; சாதாரண இரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இரண்டு எண்களும் இருக்கும். அதே தாளில் தட்டணுக்கள் ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால், 2018-ஆம் ஆண்டு டோக்கியோ வழிகாட்டுதலின்படி நோய் மிகக் கடுமையானது. வெள்ளணுக்கள் 4,000-க்குக் கீழே இறங்குவதும் நல்லதல்ல. எண்ணிக்கை குறைந்ததும் நோய் தணிந்துவிட்டது என்று வீட்டார் நினைத்துவிடக் கூடாது.

காமாலை எவ்வளவு என்று காட்டும் பிலிருபினை மக்கள் பெரிதாகப் பார்க்கிறார்கள். அடைப்பின் அளவை அது சொல்லும். புற்றுநோயால் மெல்ல அடைபட்டவருக்குப் பிலிருபின் மிக உயர்ந்தும் தொற்றே இல்லாமல் இருக்கலாம்.

ஊர்ப்புறத்தில் இதன் பயன்

கிளியனூர் திண்டிவனம்–புதுச்சேரி சாலையில் உள்ளது. புதுச்சேரி நோக்கிச் சென்றால் கோரிமேட்டில் ஜிப்மர். விழுப்புரம் பக்கம் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிறிய மருத்துவமனையில் இரத்த அணுக்களை எண்ணிவிடலாம், உள்நோக்கிக் குழாய் செலுத்தி அடைப்பை நீக்க இயலாது. ஆகவே நோயாளியை இரவோடு இரவாக அனுப்புவதா, காலைவரை வைத்திருப்பதா என்ற கேள்விக்கு இந்த எண்கள் உதவுகின்றன.

அடைப்பை நீக்குவதே முதன்மைச் சிகிச்சை. ஹாங்காங்கில் கடும் பித்தநாள அழற்சி கொண்ட 82 பேரிடம் நடந்த ஆய்வு 1992-இல் வெளியானது. அவசர அறுவைச் சிகிச்சை பெற்ற 41 பேரில் 13 பேர் இறந்தனர். உள்நோக்கி வழியாக வடிகால் பெற்ற 41 பேரில் இறந்தவர்கள் 4 பேர்.

குறிகாட்டிகள் எப்படி இருந்தாலும் வளர்ப்புச் சோதனையை விட்டுவிட முடியாது. பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஈ. கோலையும் கிளெப்சியெல்லாவும் இந்தியாவில் பெருகியுள்ளன. எந்த மருந்து வேலை செய்யும் என்பதை இச்சோதனையே காட்டும். அதற்கான இரத்தத்தை, இயன்றவரை, முதல் நுண்ணுயிர்க்கொல்லி ஊசி போடுவதற்கு முன்பே எடுக்க வேண்டும்.