கடவுச்சொல் சரிதான், கதவு ஏன் திறக்கவில்லை?

பள்ளி நூலகத்திற்காக ஒரு சிறிய இணையச் செயலியை நீங்கள் உருவாக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். யார் எந்தப் புத்தகத்தை எடுத்தார், எப்போது திருப்பித் தர வேண்டும் என்ற விவரமெல்லாம் அதில் இருக்கிறது. நிரல் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது. தகவல்கள் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் உள்ளன. உங்கள் மடிக்கணினியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. குழுவில் உள்ள நண்பர் அதே கோப்புகளைத் தம் கணினியில் போட்டு இயக்குகிறார். உடனே திரையில் ஒரு பிழைச் செய்தி: எண் 2054. கடவுச்சொல்லை மூன்று முறை சரிபார்த்தாயிற்று. ஓர் எழுத்துகூடத் தவறில்லை. திட்டப்பணியை ஒப்படைக்கும் நாளோ நாளை.

இந்த நேரத்தில் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த நிரலை மாற்றத் தொடங்குவதுதான். அதைச் செய்யாதீர்கள். நிரலில் பிழை இல்லை. கடவுச்சொல்லிலும் பிழை இல்லை. நண்பரின் கணினியில் உள்ள இரண்டு மென்பொருள்களின் வயது ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான்.

தரவுத்தளம் என்பது தனியாக இயங்கும் ஒரு நிரல். அதை வழங்கி அல்லது சர்வர் என்கிறோம். பிஎச்பி, பைத்தான், ஜாவா போன்ற மொழிகளில் நீங்கள் எழுதும் செயலி அதனிடம் சென்று தகவல் கேட்கிறது. கேட்கும் தரப்புக்குக் கிளையன்ட் என்று பெயர். இரண்டும் பேசிக்கொள்ளத் தனி விதிமுறை உண்டு. முதலில் வணக்கம் சொல்வது, அடுத்து அடையாளத்தைக் காட்டுவது, பிறகுதான் கேள்வி. வழங்கியின் புதிய பதிப்பு இந்த விதிமுறையில் ஒன்றை மாற்றிவிட்டு, கிளையன்ட் பழைய பதிப்பிலேயே இருந்துவிட்டால், பேச்சு முதல் வரியிலேயே நின்றுவிடும். 2054 சொல்வது இதைத்தான்: "வழங்கி கேட்கும் அடையாளச் சரிபார்ப்பு முறை கிளையன்டுக்குத் தெரியாது." கடவுச்சொல் தவறு என்று அந்தச் செய்தியில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

என்ன மாறியது?

மைஎஸ்கியூஎல் 8.0 பதிப்பு 2018 ஏப்ரலில் வெளிவந்தது. அதுவரை இயல்பாக இருந்த சரிபார்ப்பு முறையின் பெயர் 'நேட்டிவ் பாஸ்வேர்ட்'. அதில் கடவுச்சொல் அப்படியே சேமிக்கப்படுவதில்லை. ஷா-1 என்ற கணக்கீட்டில் இரண்டு முறை போட்டு எடுத்த 'கைரேகை' மட்டுமே சேமிக்கப்படும். கைரேகையிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்பப் பெற நேரடி வழியில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே கடவுச்சொல்லை வைத்திருக்கும் இருவருக்கும் ஒரே கைரேகைதான் கிடைக்கும். அதோடு ஷா-1 மிக வேகமான கணக்கீடு. பயனர் பட்டியலைத் திருடிய ஒருவர், மக்கள் வழக்கமாக வைக்கும் கடவுச்சொற்களுக்கெல்லாம் முன்கூட்டியே கைரேகை கணக்கிட்டு வைத்துக்கொண்டு, ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடலாம்.

8.0 பதிப்பில் 'கேச்சிங் ஷா2 பாஸ்வேர்ட்' என்ற முறை இயல்பான முறையாயிற்று. இதில் ஒவ்வொரு பயனரின் கடவுச்சொல்லோடும் தற்செயலான சில எழுத்துகளைச் சேர்க்கிறார்கள். இதற்குக் கணினித் துறையில் 'உப்பு' என்றே பெயர்! உப்பு ஆளுக்கு ஆள் வேறுபடும். எனவே இருவர் ஒரே கடவுச்சொல்லை வைத்தாலும் கைரேகைகள் வெவ்வேறாக இருக்கும். அதன்பின் ஷா-256 கணக்கீடு ஒருமுறை அல்ல, இயல்பாக 5,000 சுற்று நடக்கிறது. திருடனுக்கு ஒவ்வோர் ஊகமும் 5,000 சுற்று வேலை. நேர்மையான பயனருக்கும் அதே தாமதம் வராதா என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை சரிபார்த்ததன் விளைவை வழங்கி நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. அதனால் அடுத்த முறை விரைவாக உள்ளே விடுகிறது. பெயரில் 'கேச்சிங்' என்ற சொல் வந்தது அதனால்தான்.

வழங்கி மாறிய நாளில் பிஎச்பி மாறவில்லை. பிஎச்பி 7.4.4 பதிப்பில்தான் புதிய முறைக்கு முழு ஆதரவு வந்தது. அது 2020-இல் வெளியானது. இடையில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். உங்கள் நண்பரின் கணினியில் இருப்பது பிஎச்பி 7.2-உம், புதிதாகப் பதிவிறக்கிய மைஎஸ்கியூஎல் 8.0-உம் என்றால், 2054 வந்ததில் வியப்பே இல்லை.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. ஒன்று, பிஎச்பியைப் புதிய பதிப்புக்கு உயர்த்துவது. மற்றொன்று, அந்தப் பயனரை மட்டும் பழைய 'நேட்டிவ்' முறைக்கு மாற்றும்படி வழங்கிக்கு ஒரு வரிக் கட்டளை தருவது. இரண்டாவது அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அதனால்தான் தேடினால் முதலில் கிடைப்பதும் அதுவே. ஆனால் அதன் பொருள், பழைய கருவி சிரமப்படக் கூடாது என்பதற்காக வழங்கியின் பூட்டைத் தளர்த்துவது. உங்கள் மடிக்கணினியில் மட்டும் ஓடும் பயிற்சி நிரலுக்கு இதனால் பெரிய ஆபத்து இல்லை. நூலக உறுப்பினர்களின் தொலைபேசி எண்கள் உள்ள உண்மையான வழங்கியில் இதைச் செய்வது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

இந்தக் குறுக்குவழிக்குக் காலாவதி நாளும் உண்டு. 2024-இல் வந்த 8.4 பதிப்பில் நேட்டிவ் முறை இயல்பாகவே அணைத்து வைக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த 9.0 பதிப்பில் அது வழங்கியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. 2018-இல் ஒரு வரி எழுதித் தப்பியவர்கள் மீண்டும் அதே கதவின் முன் நிற்க வேண்டியதாயிற்று.

ஒரு சுவையான செய்தி: இதே கதை 2004-இலும் நடந்தது. அந்த ஆண்டு வந்த 4.1 பதிப்பு, 16 எழுத்து நீளமிருந்த கைரேகையை 41 எழுத்தாக மாற்றியது. பழைய கிளையன்ட்கள் வெளியே நின்றன. அப்போதும் பழைய முறைக்குத் திரும்ப ஒரு கட்டளை இருந்தது. அன்று புதிய முறையாக வந்ததுதான் இன்று நீக்கப்பட்டிருக்கும் 'நேட்டிவ்'!

பொத்தானில் ஒரு பெயர், உள்ளே வேறொன்று

சரி, உங்கள் கணினியில் மட்டும் ஏன் முதலிலிருந்தே ஓடியது? நீங்கள் எக்ஸாம்ப் தொகுப்பைப் பயன்படுத்துபவராக இருந்தால் அதன் கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்து பாருங்கள். 'மைஎஸ்கியூஎல்' என்ற பெயர் இருக்கும். அதன் பக்கத்துப் பொத்தானை அழுத்தினால் இயங்குவது மைஎஸ்கியூஎல் அல்ல, மரியாடிபி. 2015 இறுதியிலேயே எக்ஸாம்ப் மாறிவிட்டது. பலகையில் பெயர் மட்டும் மாறவில்லை.

இரண்டும் உடன்பிறப்புகள். மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், அதற்குத் தம் மூத்த மகள் 'மை'யின் பெயரை வைத்தார். அந்த நிறுவனத்தை சன் வாங்கியது. பிறகு சன்னை ஆரக்கிள் வாங்க முன்வந்தது. அந்தச் சமயத்தில், 2009-இல், அவர் அதே நிரலிலிருந்து ஒரு கிளையைப் பிரித்தார். அதற்கு இளைய மகள் மரியாவின் பெயர். தொடக்கத்தில் ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைத்தாலும் வேறுபாடு தெரியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரண்டும் தனித்தனி வழியில் வளர்ந்தன. பதிப்பு எண்களும் பிரிந்தன. மரியாடிபி 5.5-க்குப் பிறகு நேராக 10.0-க்குத் தாவியது. ஆகவே உங்களிடம் 10.4 இருக்கிறது, நண்பரிடம் 8.0-தான் இருக்கிறது, நம்முடையதே புதியது என்று எண்ணிவிடாதீர்கள். மாம்பழத்தையும் பலாப்பழத்தையும் ஒரே தராசில் வைத்து எது இனிப்பு என்று கேட்பதைப் போன்றது அது.

நண்பர் பிஎச்பியை உயர்த்திவிட்டார், 2054 போய்விட்டது. இப்போது அவர் தம் தரவுத்தளத்தை ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்து உங்களுக்கு அனுப்புகிறார். நீங்கள் இறக்குமதி செய்யும்போது வருகிறது அடுத்த பிழை, எண் 1273. 'யுடிஎஃப்8எம்பி4_0900_ஏஐ_சிஐ' என்ற ஒப்பீட்டு முறை தெரியாது என்கிறது வழங்கி.

பெயர் மிரட்டினாலும் பிரித்தால் புரிந்துவிடும். முதல் பகுதி, எழுத்துகளைச் சேமிக்கும் முறை. 0900 என்பது யுனிகோட் 9.0-இன் வரிசைப்படுத்தும் விதி. ஏஐ, சிஐ என்பவை எழுத்தின் மேலுள்ள குறிகளையும் பெரிய, சிறிய எழுத்து வேறுபாட்டையும் பொருட்படுத்தாதே என்பதற்கான குறிப்புகள். மைஎஸ்கியூஎல் 8.0 உருவாக்கும் அட்டவணைகளில் இதுவே இயல்பு. மரியாடிபி 10.4-க்கு இந்தப் பெயரே தெரியாது.

ஏற்றுமதிக் கோப்பு வெறும் எழுத்துக் கோப்புதான். அதை ஒரு நகல் எடுத்துக்கொண்டு, நகலைத் தொகுப்பியில் திறந்து, '0900_ஏஐ_சிஐ' என்று வரும் இடங்களிலெல்லாம் 'யுனிகோட்_சிஐ' என்று மாற்றுங்கள். அது இரண்டு வழங்கிகளுக்கும் தெரிந்த முறை. வரிசைப்படுத்தும் விதி சற்று மாறலாம். எழுத்துகள் மாறாது. சேமிக்கும்போது யுடிஎஃப்-8 வடிவிலேயே சேமிக்க வேண்டும். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயர்களெல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும்.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், முன்பகுதியில் உள்ள 'எம்பி4'-ஐயும் அழித்து வெறும் 'யுடிஎஃப்8' ஆக்கச் சொல்வார்கள். அங்கேதான் இழப்பு. மைஎஸ்கியூஎல், மரியாடிபி இரண்டிலும் அந்தப் பழைய பெயர் குறித்தது, ஓர் எழுத்துக்கு அதிகம் 3 பைட் மட்டுமே இடம் தரும் முறையை. நம் தமிழ் எழுத்துக்குறிகள் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் போதும். 'அம்மா' என்ற சொல்லில் கணினி காண்பது அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். மொத்தம் 15 பைட். ஆகவே பெயர்களெல்லாம் சரியாகச் சேரும், எதுவும் தவறாகத் தெரியாது. யாராவது கருத்துப் பெட்டியில் ஒரு சிரிப்புமுகம் போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். அதற்கு 4 பைட் தேவை. தமிழிலும் அப்படிப்பட்டவை உண்டு. முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறியீடுகள் 2019-இல் யுனிகோட் 12.0-இல் சேர்க்கப்பட்டன. அவை ஒவ்வொன்றுக்கும் 4 பைட். கண்டிப்பான அமைப்பில் வழங்கி பிழை காட்டி மறுக்கும். தளர்ந்த அமைப்பில் அந்த இடத்தோடு வாக்கியத்தையே வெட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். இரண்டாவதுதான் மோசம். தகவல் போனதே தெரியாது.

பழைய பயிற்சி நூல்களைப் பார்த்து எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 'மைஎஸ்கியூஎல்_கனெக்ட்' என்ற கட்டளை பிஎச்பி 7.0-இல் நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக 'மைஎஸ்கியூஎல்ஐ' அல்லது 'பிடிஓ'வைப் பயன்படுத்துங்கள். அந்தக் கட்டளை ஓட வேண்டும் என்பதற்காகப் பழைய பிஎச்பியைத் தேடிப் போக வேண்டாம்.

பதிப்பை உயர்த்தும்போது வரிசை முக்கியம். கருவியைப் புதுப்பித்து அது சரிவராவிட்டால் பழையதை மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். தரவுத்தள வழங்கி அப்படியல்ல. மைஎஸ்கியூஎல் 5.7-இன் தரவுக் கோப்புகளை 8.0 ஒருமுறை தன் வடிவுக்கு மாற்றிவிட்டால், அவற்றை 5.7-ஆல் திறக்க முடியாது. அந்தத் திசையில் அதிகாரபூர்வப் பாதையே இல்லை. ஆகவே வழங்கியைத் தொடுவதற்கு முன் ஏற்றுமதிக் கோப்பு ஒன்றை எடுத்து, வேறொரு கணினியிலோ பென்டிரைவிலோ வைத்துவிடுங்கள். அது உண்மையிலேயே திறக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

குழுவாக வேலை செய்பவர்கள் முதல் நாளிலேயே ஒரு தாளில் எல்லாருடைய வழங்கியின் பெயர், அதன் பதிப்பு, பிஎச்பியின் பதிப்பு ஆகியவற்றை எழுதி ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. பிஎச்பிமைஅட்மின் முகப்புப் பக்கத்தின் வலப்புறத்தில் இவை அனைத்தும் இருக்கும். நிரல் வழியாகக் கேட்கும்போது மட்டும், மரியாடிபி தன் பதிப்பை '5.5.5-10.4' என்பதுபோல் விசித்திரமாகச் சொன்னால் குழம்ப வேண்டாம். பதிப்பு எண்ணின் முதல் பகுதி ஓர் இலக்கம்தான் என்று நம்பி எழுதப்பட்ட பழைய நிரல்கள் 10-ஐ 1 என்று படித்துவிடும். அவற்றுக்காகவே முன்னால் ஒரு போலி எண்ணை ஒட்டி வைத்தார்கள். கோட்டுக்குப் பின்னால் வருவதே உண்மையான பதிப்பு.