கண்ணா மரம் வாடுமுன் அறியலாம்

2010இல் ராம்சார் ஈரநிலமான வங்காலைச் சரணாலயத்தின் கண்ணா மரங்கள் தூரத்திலிருந்து எனக்கு ஒரே பச்சையாகத்தான் தெரிகின்றன. கைபேசிக் கமராவும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறங்களையே பிரிக்கிறது. விமானத்தில் பொருத்தும் நாசாவின் அவிரிஸ்-என்ஜி கருவியோ, அகச்சிவப்பு உட்பட ஒளியை 400க்கும் மேற்பட்ட கூறுகளாகப் பிரிக்கிறது. பச்சையமோ நீரோ குறைந்தால் இலை தெறிக்கும் ஒளி மாறும். இலை மஞ்சளாகுமுன்னரே அந்த மாற்றம் பதிவாகிவிடும்.

2015 டிசெம்பர் முதல் 2016 மார்ச் வரை இஸ்ரோ விமானத்தில் இக்கருவி இந்தியாவின் 57 இடங்களை அளந்தது. ஒடிசாவின் பிதர்கனிகா கண்டல்காடும் அவற்றில் ஒன்று.

மன்னார்த் தீவில் காற்றாலைகள் எழுந்துவிட்டன. இல்மனைற் மணல் அகழ்வை மக்கள் எதிர்க்கிறார்கள். நாளை கண்டல் கருகினால், எதனால் என்று நிறுவ இன்றைய நிலையின் பதிவு வேண்டும். திட்டங்களுக்கு அனுமதி வழங்குமுன் அதைக் கேட்டுப்பெற வேண்டும்.